ஐந்தாவது பாட்டும் டோக்கன் வளையமும்

இண்டிபெண்டன்ட் இசை என்றால் என்ன என்று தங்கையிடம் ஒருமுறை கேட்டேன். யாரையும் நம்பியிருக்காத இசை என்றாள். நான் பார்த்தவரையில் அது கேட்பவர்களையும் நம்பியிருக்கவில்லை. அவளுடைய போன கச்சேரியில் மூன்றாவது பாட்டு முடிவதற்குள் மிஞ்சியது நானும் நாற்காலி வாடகைக்காரரும்தான். அவர் நாற்காலிக்காக இருந்தார்.

நான் ஒரு பழைய நீராவி ரயில் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டர். மொத்தம் மூன்றே நிலையங்கள், சனி ஞாயிறு மட்டும் ஓட்டம், நடு நிலையம் என்னுடையது. இளைஞர்களை இழுக்க வேண்டும் என்று எங்கள் நிர்வாகக் குழுவுக்குத் திடீர் ஞானம் பிறந்து, இந்த பாப் இசை விழாவைக் கொண்டுவந்தார்கள். கடைசி நிலையத்தில் பெரிய மேடை, பெயர் வாங்கிய பாடகர்கள். என் நிலையத்தின் சரக்குக் கொட்டகையில் தங்கையின் குழு. இன்ஜின் தண்ணீர் பிடிக்கும் பத்து நிமிடம் ஜனம் இறங்கி வந்து கேட்கும். பிடித்துப்போனவர்கள் அங்கேயே இருந்து, இரண்டு மணி நேரம் கழித்து வரும் அடுத்த ரயிலில் போகலாம். கழிப்பறை வரிசை கொட்டகையை ஒட்டித்தான் நிற்கும், கூட்டத்துக்குக் குறைவிருக்காது என்று அமைப்பாளர் தைரியம் சொன்னார்.

தங்கை காலையில் கிட்டாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"ரயில் கிளம்பும்போது எனக்காக ஒருத்தராவது உக்காந்திருக்கணும்க்கா. இல்லன்னா திங்கக்கிழமை மாமாவோட டைல்ஸ் கம்பெனில சேந்துடறேன். நீ கணக்குல கிடையாது."

மாமா அவளுக்கு மேசையே போட்டுவைத்துவிட்டார். அவளிடம் ஒரு நல்ல பாட்டு உண்டு, உண்மையிலேயே நல்ல பாட்டு. ஆனால் அது ஐந்தாவதாகத்தான் வரும். பத்து நிமிடத்தில் இரண்டு பாட்டுக்கே நேரம் போதாது, அதை முதலில் பாடேன் என்றால், படிப்படியாகத்தான் ஏற வேண்டும் என்பாள். படியில் யாருமில்லை என்பதை யார் சொல்வது?

ரயில் வந்தது, நூற்றிருபது பேர் இறங்கினார்கள். எங்களுடையது ஒற்றைப் பாதை. எதிரெதிரே இரண்டு ரயில் வந்துவிடாமலிருக்க டோக்கன் என்று ஒரு பெரிய இரும்பு வளையம் உண்டு. அது டிரைவர் கைக்குப் போனால்தான் ரயில் நகரலாம், இல்லையென்றால் கடவுளே கொடியசைத்தாலும் நகரக் கூடாது. அதை என் அறை ஆணியில் தயாராக மாட்டியிருந்தேன். அதற்குள் வெளியே சண்டை. மேடைக்குப் புகைவிடும் இயந்திரக்காரர், இன்ஜின் புகை தன் புகையைக் கெடுக்கிறது என்று கரி அள்ளிப்போடுபவரிடம் மல்லுக்கு நின்றார். பிரித்துவிட்டுத் திரும்பினால் ஆணி மொட்டையாக இருந்தது.

ஒன்பது வருடத்தில் என் பதிவேட்டில் ஒரு கரும்புள்ளி கிடையாது. அதைச் சொல்லிச் சொல்லியே ஊரார் காதைப் புளிக்கவைத்தவள் நான். இப்போது மேசைக்கடியில், குப்பைக்கூடையில், கொடிப்பெட்டியில் என்று தலைகீழாகத் தேடினேன். டிரைவர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ரயிலேறியவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேறு போக்கிடம் இல்லாமல் கொட்டகைக்கே திரும்பினார்கள். இரண்டாவது பாட்டு முடிந்து மூன்றாவது, நான்காவது என்று போயிற்று.

ஐந்தாவது பாட்டில்தான் அந்தச் சத்தம் கேட்டது. டங். தூக்கத்தில் கேட்டாலும் எனக்குத் தெரியும். ஓடிப்போய்ப் பார்த்தேன். தங்கையின் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் பையனைத் தகரம் என்றுதான் கூப்பிடுவார்கள், வாளி, கைப்பிடி, கதவு என்று கண்டதையெல்லாம் தட்டிப் பார்க்கிறவன். என் வளையத்தைக் கயிற்றில் தொங்கவிட்டு ஸ்பூனால் தட்டிக்கொண்டிருந்தான்.

மேடையேறிப் பிடுங்கியிருக்க வேண்டும். விதிப்புத்தகம் அதைத்தான் சொல்லும். ஆனால் கொட்டகையில் ஒரு இருமல்கூட இல்லை. கழிப்பறை வரிசையே திரும்பி நின்று கேட்டது. இவ்வளவு நன்றாகப் பாடுவாளா என்று இருந்தது எனக்கு. பாட்டு முடியும்வரை தூண் மறைவில் நின்றேன்.

முடிந்ததும் வளையத்தை வாங்கி டிரைவரிடம் நீட்டினேன். இன்ஜின் விசில் ஊதியது. அதுவரை உருகிக்கொண்டிருந்த ரசிகர்கள் விழுந்தடித்து ஓடினார்கள். தங்கை தலை நிமிராமல் ஆறாவது பாட்டைத் தொடங்கினாள். கடைசிப் பெட்டி போன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

பதினோரு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார், இன்னொருவர் ஷூ லேஸ் கட்டப்போய் ரயிலைத் தவறவிட்டவர். அதை நான் அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. ஒன்பதும் ஒன்பதுதானே.

கச்சேரி முடிந்ததும் அறைக்கு வந்தாள்.

"பதினோரு பேரு, அக்கா. மாமாகிட்ட வரலன்னு சொல்லிட்டேன்."

பின்னாலேயே தகரம் வந்து, வளையத்தை எடுத்தது தான்தான் என்று பதிவேட்டில் எழுதச் சொன்னான். தாமதம் இருபத்தொரு நிமிடம் என்று எழுதி, காரணத்துக்கு நேரே 'ஸ்டேஷன் மாஸ்டரின் கவனக்குறைவு' என்று போட்டேன். ஆணியில் மாட்டிவிட்டுச் சண்டை பார்க்கப் போனவள் நான்தானே. தூண் மறைவில் நின்றதை எழுதத் தனிக் கட்டம் இல்லை.

நிர்வாகக் குழு ஆழ்ந்து யோசித்து, இரண்டு மாதம் பணிக்கு வர வேண்டாம் என்றது. அடுத்த சனிக்கிழமை எனக்கு வேலையில்லாததால் தங்கையின் கச்சேரிக்குப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். முதல் பாட்டு சகிக்கவில்லை. ஐந்தாவது வரைக்கும் இருந்தேன்.