மைக் போகாத வெள்ளிக்கிழமை

பழைய சிஸ்டத்தின் காலம் முடிந்துவிட்டது என்று மடிக்கணினி ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தது. வாழைச்சேனை ஐஸ் ஆலையில் இருபது வருடமாக இயந்திரங்களோடு மல்லுக்கட்டுகிறவன் நான். இந்தச் சின்னப் பெட்டிக்கா பயப்படப்போகிறேன் என்று ஒரு வியாழக்கிழமை நானே புதியதைப் போட்டேன். கொழுப்பு, வேறென்ன.

மறுநாள் வெள்ளி. என் மனைவி கேதீஸ்வரி குவைத்திலிருந்து பேசும் நாள் அது. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறாள். நல்ல போனை மகள் விதுர்ஷா பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய்விட்டதால் எனக்கு மிஞ்சியது ஒரு பட்டன் போனும் இந்தக் கணினியும்தான்.

எங்கள் ஊர்ப்பக்க வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. கட்டியவன் அங்கே போய் இருக்கவேண்டும். நான் வாகரையிலிருந்து வந்தவன். நாலு வருடமாக அவள் வீட்டில், அவள் சொந்தக்காரர் நடுவில், அவள் இல்லாமல் இருக்கிறேன். ஓர் ஆளுக்கு மட்டும் சோறாக்குவதைப் போல எரிச்சல் பிடித்த வேலை உலகத்தில் இல்லை. ஜனவரியில் வராவிட்டால் வாகரைக்கே போய்விடுவேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். கோபத்தில் சொன்னதுதான், ஆனால் பொய்யில்லை.

அழைப்பு வந்தது. அவள் குரல் கணீரென்று கேட்டது. என் குரலும் படமும்தான் அவளுக்குப் போகவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் மைக்குக்கும் கேமராவுக்கும் பக்கத்தில் மஞ்சள் குறி. அவற்றை இயக்க, புதிய சிஸ்டத்துக்கு ஏற்ற டிரைவர் மென்பொருள் இல்லை. கத்திப் பார்த்தேன். சரி, ‘கேட்கிறது’ என்று எழுதி அனுப்புவோம் என்று ஆங்கில எழுத்தில் மூன்றைத் தட்டியிருப்பேன். லைன் விழவில்லை போல என்று அங்கே அவளோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் புஸ்பத்திடம் அவள் சொன்னாள். அழைப்பை வெட்டாமலே புஸ்பத்தோடு பேச்சைத் தொடர்ந்தாள்.

“இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டன் கா. வீட்டப் புள்ளைக்கு எழுதிக் குடுத்தா நாங்க ரெண்டு பேரும் எங்க இருக்கிற? வளவுக்குள்ள ஒரு அறையெண்டாலும் கட்டணும். அவருக்கு எப்பிடிச் சொல்ற? வாகரைக்குப் போயிருவார்.”

விதுர்ஷாவுக்குக் கல்யாணம் என்றால் வீடு அவளுடையது. தாயும் தகப்பனும் ஒதுங்கவேண்டும், அதுதான் வழக்கம். நாலு வருடமாக எனக்காகவே அழுதுகொண்டிருந்த நான் இதை ஒரு நாள்கூட யோசித்ததில்லை. என் விரல் அப்படியே நின்றுவிட்டது. இன்னும் மூன்று நான்கு எழுத்துத் தட்டியிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். தட்டவில்லை. கள்ளனைப் போல அவள் வெட்டும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் முழுக்க ஆலையில் யாரோடும் நான் ஒழுங்காகப் பேசவில்லை. இணையத்திலிருந்து இறக்கிய இரண்டு டிரைவரும் ஒத்துவரவில்லை. கடைசியில் ஓட்டமாவடியில் கணினி திருத்தும் இல்ஹாமிடம் கொண்டுபோனேன். அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் தேய்ந்து மாடலின் கடைசி எழுத்து அழிந்திருந்தது, நான் ஊகித்தது வேறு மாடல் என்றான். சரியான டிரைவர் இரண்டையும் பென்டிரைவில் போட்டுத் தந்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மைக்குக்கானதை மட்டும் போட்டேன். மஞ்சள் குறி போனது.

“போன கிழமை நான் கதைச்சது கேட்டிச்சா?” எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்.

“இல்ல. ஒண்டும் கேக்கல்ல.”

அவள் மூச்சு விட்டது கேட்டது. ஆலையில் மோட்டர் பழுதானதைச் சொன்னேன். மழையைச் சொன்னேன். அவள் ம் கொட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“நான் வாகரைக்குப் போகமாட்டன். நீ எப்ப வந்தாலும் இஞ்சதான் இருப்பன்.”

அவள் அழத் தொடங்கினாள். அழுகையோடு அழுகையாக இரண்டு வருடம் என்றாள், கையெழுத்துப் போட்டாயிற்று என்றாள், ஓர் அறை என்றாள். முதல் தடவை கேட்பவனைப் போல “ரெண்டு வருசமா?” என்றேன். குரலை ஒருமாதிரி அடக்கிவிட்டேன்.

“கேமராவப் போடுங்களன். உங்கட முகத்தப் பாக்கணும்.”

“அதுக்கு டிரைவர் கிடைக்கல்ல,” என்றேன்.

பென்டிரைவ் கையில்தான் இருந்தது. மற்றக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.