தகடு வாங்கிய அடி

தகட்டில் பள்ளம் விழுந்திருந்தது. செயின் அறுந்திருக்கவில்லை. இரண்டும் ஒரே வண்டியில் இருக்க வழியே இல்லை என்பதால், நட்டு குனிந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் குந்தியிருந்தான்.

நட்டு என்பது அவன் பெயரல்ல. ஸ்பானரோடு பிறந்தவன் என்று அக்கா சின்ன வயதில் வைத்த பட்டம். அவள் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அளவை நிலையத்தின் பட்டறையிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. வண்டிகளைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. வண்டி ஓட்டுவது அக்காவின் வேலை. கடல் வற்றும் நேரம் பார்த்து, நாலு சக்கர வண்டியில் சேற்றுவெளியைக் கடந்து, கோடியில் கடல் மட்டத்தை அளந்துகொண்டு நிற்கும் கம்பத்துக்குப் போவாள். கருவியைத் துடைத்து, பேட்டரியை மாற்றிவிட்டு, கடல் திரும்புவதற்குள் கரையேறுவாள். அந்தச் சேற்றில் கால் வைத்தால் முழங்கால் வரை போகும். வண்டி நின்றால் நடந்து வர முடியாது. தண்ணீர்தான் வரும்.

அதற்காகத்தான் அந்தத் தகடு. ஓட்டத்தில் செயின் அறுந்தால் சமர்த்தாகக் கீழே விழாது. முன்னாலிருக்கும் சின்னப் பல்சக்கரம் அதை உள்ளே இழுத்துச் சுருட்டி, ஒட்டினாற்போலிருக்கும் இஞ்சின் கூட்டின்மேல் அறையும். கூடு அலுமினியம். ஓர் அறைக்குத் தாங்காது. பிளந்து ஆயில் கொட்டிவிட்டால் பிறகு அது இஞ்சின் அல்ல, பாறாங்கல். அதனால் பல்சக்கரத்துக்கும் கூட்டுக்கும் நடுவே வளைந்த எஃகுத் தகடு ஒன்றை வெட்டி மாட்டியிருந்தான். விழுகிற அடி அதில் விழட்டும் என்று.

விழுந்திருந்தது.

"வழியில அறுந்துச்சா? நீயே மாட்டிக்கிட்டு வந்தியா?"

"அறுந்தா சொல்ல மாட்டேனாடா?"

"சொல்ல மாட்டே. பிரேக் ஒயர் போனதையே மூடி மறைச்சவதானே நீ."

"அது நீ ஊரைக் கூட்டிடுவேன்னு பயந்து. இது நிஜமா இல்லடா. செயின் அறுந்தா நான் இந்நேரம் மீனுக்குச் சாப்பாடு ஆகியிருப்பேன்."

அவன் செயினைக் கண்ணி கண்ணியாக விரலால் தடவிப் பார்த்தான். இணைப்பின் மேல் அவனே வைத்த சிவப்புப் பெயின்ட் பொட்டு உரியாமல் இருந்தது. யாரும் கழற்றவில்லை. பள்ளத்தைச் சுத்தியலால் தட்டிச் சமமாக்கி மாட்டினான்.

மறுநாள் மீண்டும் பள்ளம். இந்த முறை கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். எஃகில் கண்ணிகளின் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது. தன் செயினை அதன்மேல் வைத்துப் பார்த்தான். பொருந்தவில்லை. தடம் அகலமாக இருந்தது, இதைவிடப் பெரிய வண்டியின் செயின் போல. இரண்டு நாள் கழித்து விழுந்த தடமோ விரல் நகம் போல் ஒடுக்கம்.

"கல்லு ஏதாவது தெறிச்சிருக்கும்," என்றாள் அக்கா.

"கல்லுக்கு ஏது இப்படி வரிசைப் பல்லு?"

"அப்ப பேய். போதுமா? பேய்க்கு என் வண்டிமேல ஆசை. வேற யாரு என்னைத் திரும்பிப் பாக்கறா?" சிரித்தாள். ஆனால் அன்றைக்கு வண்டியிலிருந்து இறங்கும்போது தகடு இருந்த பக்கம் கால் படாமல் சுற்றிக்கொண்டு இறங்கியதை அவன் கவனித்தான்.

தகடுதான் அடியைக் கூப்பிடுகிறது என்று அவனுக்குத் தோன்றத் தொடங்கியது. இன்றைக்குத் தகட்டில் விழுவது நாளைக்கு அக்காவின்மேல் விழாதென்று யார் சொன்னது? கழற்றிவிடவும் பயம். யோசித்து யோசித்து, இருமடங்கு கனத்தில் இன்னொன்றை வெட்டினான். மாட்டிச் சக்கரத்தைச் சுற்றினால் செயின் அதில் உரசியது. நடுவில் சேறு புகுந்தால் அதுவே செயினை அறுத்துவிடும். கனத்ததைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பழையதைத் தேடியபோது அக்கா வண்டியை உறுமவிட்டாள்.

"ஏறு, ஏறு. கடல் உனக்காகக் காத்துக்கிட்டு நிக்காது."

"தகடு மாட்டலக்கா."

"கையில எடுத்துக்க. நான் பேட்டரி மாத்துற நேரத்துல அங்கேயே மாட்டிக்க. நீயும் ஒரு நாளாவது வெயில்ல காஞ்சு பாரு."

அவன் பின்னால் ஏறினான். மடியில் தகடு, சட்டைப்பையில் போல்ட்டுகள், இடுப்புப் பையில் கொஞ்சம் செயின் துண்டும் இணைப்பும். வாசலைத் தாண்டும்போது குனிந்து இஞ்சின் கூட்டைத் தொட்டுப் பார்த்தான். மூடாத முகம்போல் இருந்தது அது. புழுதியில் அவன் கட்டைவிரல் ரேகை பதிந்தது.

சேற்றுவெளி நண்பகலிலும் சாம்பல் நிறமாகக் கிடந்தது. வானம் எங்கே முடிகிறது, சேறு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. வழி காட்டும் குச்சிகள் ஒவ்வொன்றாக எதிரே வந்து, பின்னால் போய், கரைந்தன. பறவைகூட இல்லை. அக்கா ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று வண்டி ஒரு துள்ளு துள்ளி, முன்பக்கம் குனிந்து, நின்றது.

சத்தமே வரவில்லை. அதுதான் இருவருக்கும் முதலில் உறைத்தது. செயின் அறுந்தால் துப்பாக்கி வெடித்ததுபோல் இருக்கும். இங்கே அறுந்த செயின் பின்னால் சேற்றில் வால்போல் நீண்டு கிடந்தது. மறுமுனை பல்சக்கரத்தில் சுருண்டு, இறுகி, அடைத்துக்கொண்டிருந்தது. பார்த்தவுடன் தெரிந்தது: அறைந்திருக்கிறது. கண்ணிகளின் விளிம்பு நசுங்கி மினுமினுத்தது.

"முடிஞ்சுதா?" என்றாள் அக்கா. குரலில் கிண்டல் இல்லை.

அவன் சேற்றில் முட்டி போட்டு, சுருளை ஸ்பானரால் நெம்பி எடுத்தான். பின்னாலிருந்த கூட்டைப் பார்த்தான். பிளவு இல்லை. கீறல் இல்லை. புழுதியில் அவனுடைய கட்டைவிரல் ரேகை, ஒரு கோடுகூடக் கலையாமல் அப்படியே இருந்தது.

"ஆயில்?"

"சொட்டுக்கூட இல்ல."

"அப்ப எதுலடா பட்டுச்சு?"

அவன் இருக்கையில் வைத்துவிட்டு இறங்கிய தகட்டை எடுத்துப் புரட்டினான். அதிலும் ஒன்றுமில்லை. தூரத்தில் சாம்பலுக்குள் ஒரு வெள்ளிக் கோடு மின்னியது. தண்ணீர் திரும்பிவிட்டது. அவன் நசுங்கிய கண்ணிகளைக் கழித்து, துண்டைக் கோத்து, இணைப்பை மாட்டினான். அவசரத்தில் இணைப்பின் லாக் சேற்றில் விழ, அக்கா கை விட்டுத் துழாவி எடுத்துக் கொடுத்தாள். இஞ்சின் முதல் அழுத்தலிலேயே கிளம்பியது. கம்பத்தை மறந்து வண்டியைத் திருப்பினாள். கரையேறும்போது சக்கரத்தின் பாதிக்குத் தண்ணீர் இருந்தது.

பட்டறைக்குள் வந்தபின் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து ஈரக் காலணிகளை உதறினாள்.

"அந்த அடி எங்கேயோ போயிருக்கு," என்றாள் மெதுவாக. "நம்ம தகட்டுல விழுந்ததெல்லாம் எங்கேயிருந்தோ வந்த மாதிரி."

அவனும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். அகலத் தடம், ஒடுக்கத் தடம். எத்தனை வண்டிகள், எந்தெந்தச் சேறு, எந்தெந்த மணல்.

"இப்ப எவனோ ஒருத்தன் வண்டிக்கடியில குந்திக்கிட்டு, செயின் அறுந்ததை ஏன் சொல்லலன்னு அவங்க அக்காவைப் பிடிச்சுத் திட்டிக்கிட்டிருப்பான்."

அக்கா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். "அவன் பயந்துபோய் நாளைக்குத் தகட்டைக் கழட்டிப் போட்டுட்டா?"

அவன் தகட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். நாளைக்கும் கடல் வற்றும். நாளைக்கும் அவள் போவாள். இனி அவள் திரும்பி வருவது, தான் முகமறியாத எவனோ பயத்தை விழுங்கிக்கொண்டு ஒரு போல்ட்டை முடுக்குவதில் இருக்கிறது. அங்கேயும் யாரோ ஒருத்தி கிளம்பிக்கொண்டிருப்பாள்.

பழைய தகட்டைத் துடைத்து, வண்டிக்கடியில் படுத்து, இடத்தில் வைத்து, முதல் போல்ட்டை முடுக்கினான். இஞ்சின் அணைந்திருந்தது. சாவி அக்காவின் கையில் இருந்தது. இரண்டாவது போல்ட்டுக்குக் கை நீட்டியபோது அவன் விரல்களுக்குக் கீழே தகடு டணார் என்று அதிர்ந்தது. பட்டறைத் தகரங்கள் முழுக்க அந்தச் சத்தம் ஓடி அடங்கியது. அவன் கையை எடுக்கவில்லை. புதிய பள்ளம் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போல் சுட்டது.

அக்கா ஸ்டூலைத் தள்ளிவிட்டு வந்து அவன் பக்கத்தில் தரையில் குந்தினாள். இருவரும் வெகுநேரம் காது கொடுத்திருந்தார்கள்.

"அவங்க வண்டி கிளம்பியிருக்கும்ல?" என்றாள்.

அவன் இரண்டாவது போல்ட்டை முடுக்கினான்.