நாக்கில் வைத்துப் பார்த்தேன்

கடையில் எனக்குப் பெயர் ‘மூக்கு’. கேலிக்கு வைத்த பெயர் இல்லை. மூடி திறந்த பாட்டிலை ஒரு முழம் தள்ளி வைத்தாலும் இது ஸ்ட்ராபெர்ரி, இது நாள்பட்ட ஸ்ட்ராபெர்ரி என்று பிரித்துச் சொல்லிவிடுவேன். பதினோரு வருடம் பிஸ்கட் ஃபேக்டரியில் எசென்ஸ் பிரிவில் இருந்து தேறிய மூக்கு. அந்த ஃபேக்டரியை இழுத்து மூடியதும் இதை நம்பித்தான் இ-சிகரெட் கடை முதலாளி என்னை வேலைக்கு எடுத்தார். அதற்கு முன்னால் அவர் செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்தவர். நுரையீரல் நெஞ்சில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். நான் மட்டும் என்ன மேதையா? எனக்கும் அப்போது ஒன்றும் தெரியாது.

கடையின் பின்னறைதான் என் இடம். ஒரு ஸ்டீல் மேசை, மின்தராசு, அளவுக் குவளைகள், சுவரில் தூசி அப்பிய எக்ஸாஸ்ட் ஃபேன். கிளிசரினும் அதைவிட நீர்த்த இன்னொரு திரவமும் கேன்களில் வரும். இரண்டையும் கலந்து, எசென்ஸ் சேர்த்து, கடைசியில் நிக்கோட்டினை அளந்து விட்டு, குலுக்கி, சின்ன பாட்டில்களில் ஊற்றி லேபிள் ஒட்ட வேண்டும். ‘உணவுத் தர வாசனைகள் மட்டுமே சேர்க்கப்பட்டவை’ என்று லேபிளில் பச்சை எழுத்தில் இருக்கும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை அந்த வரியை விரலால் தடவித் தடவி ஒட்டுகிறவளுக்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்? தின்னலாம் என்றால் இழுக்கவும் செய்யலாம். அவ்வளவுதான் நான் படித்த படிப்பு.

நிக்கோட்டின் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். ஃபேக்டரிப் பழக்கம்.

“ஒரு தடவை இழுத்துப் பார்த்துத்தான் சொல்லேன்” என்பார் முதலாளி.

“அந்தக் கருமத்தை நான் எதுக்கு இழுக்கணும்? எனக்கு நாக்கு போதும்” என்பேன். பெரிய பதில் சொல்லிவிட்டதாக ஒரு நினைப்பு வேறு.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்ட்டை எல்லாம் ஓட வைக்கிறவர் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. “நம்ம வீட்டுக்கு மட்டும் என் ரெண்டு காலுதான் லிஃப்ட். இதுக்கு சர்வீஸும் கிடையாது, ரிப்பேரும் கிடையாது” என்று சொல்லிக்கொண்டே படியேறுவார். கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துப்போன நகைச்சுவை அது. இப்போது அதை ஒரே ஒரு தடவை கேட்க என்ன வேண்டுமானாலும் தருவேன்.

அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் சிகரெட். நாளைக்கு ஒன்றரை பாக்கெட். அழுது பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன், ஒரு வாரம் பேசாமல் இருந்தும் பார்த்தேன். எதற்கும் மசியவில்லை. இ-சிகரெட்டுக்கு மாறச் சொல்லி எங்கள் கடையின் பழ வாசனைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தால், “ஷாம்பூவைக் குடிச்ச மாதிரி இருக்கு” என்று முகத்தைச் சுளிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகவே கேட்டார்.

“நீ ஃபேக்டரியில இருந்து வரும்போது உன் துணியில ஒரு வாசனை வருமே, சூடா, வெண்ணெய் பிஸ்கட்டு. அது மாதிரி ஒண்ணு பண்ணிக் குடேன். அப்புறம் சிகரெட்டைத் தொட்டா என்னை ஏன்னு கேளு.”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருபது வருடக் குடித்தனத்தில் என் துணியில் என்ன வாசனை வந்தது என்று அந்த மனுஷன் ஞாபகம் வைத்திருக்கிறார்!

கடையில் இருந்த வெண்ணெய் எசென்ஸ் தண்ணீரில் கரைகிற வகை. சூடு பட்டால் அதன் மணம் ஓடிப்போகும். அதனால்தான் அடுப்பில் வேகிற பிஸ்கட்டுக்கு நாங்கள் எண்ணெயில் கரைத்த எசென்ஸைப் போடுவோம். இ-சிகரெட்டின் உள்ளேயும் ஒரு கம்பிச்சுருள் பழுக்கச் சூடாகிறது, அதுவும் ஒரு சின்ன அடுப்புதானே என்று கணக்குப் போட்டேன். ஃபேக்டரியில் என்னோடு இருந்தவளிடம் கேட்டு எண்ணெய் எசென்ஸ் ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். கலந்தால் எண்ணெய் தனியாக மேலே மிதந்தது. அதற்கும் எனக்கு பிஸ்கட் வைத்தியம் தெரியும். மாவில் கொழுப்பும் தண்ணீரும் பிரிந்து நிற்காமலிருக்க லெசித்தின் என்று ஒரு பிசுபிசுப்பான சரக்கு சேர்ப்போம். அதில் ஒரு துளி விட்டுக் குலுக்கினேன். திரவம் பால் வெள்ளையாகக் கலங்கி, பிரியாமல் நின்றது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த பிஸ்கட்! எனக்கே என் மேல் பெருமை தாங்கவில்லை.

அவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாளிலிருந்து சிகரெட் இல்லை. நாத்தனார் வீட்டுக்கு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “எங்க அம்மா அழுது அழுது முடியாததை நீங்க சாதிச்சுட்டீங்க அண்ணி. எங்க அண்ணனுக்கு உயிரையே திருப்பிக் குடுத்துட்டீங்க” என்றாள். முதலாளிக்கு எப்படியோ மணம் எட்டி, அந்தக் கலவையைக் கடைக்கும் போடச் சொன்னார். அது என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான், முடியாது என்று சொல்லிவிட்டேன். இந்த விஷயத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்தப் பிடிவாதம்தான்.

ஐந்தாவது மாதம் வீட்டுக்காரருக்கு இருமல் வந்தது. சிகரெட்டை விட்டால் பழைய சளி வெளியே வரும் என்று யாரோ சொன்னதை நம்பி சந்தோஷப்பட்டேன், பைத்தியக்காரி. அடுத்து, படியேறும்போது இரண்டாவது மாடியில் நிற்க ஆரம்பித்தார். பிறகு முதல் மாடியிலேயே. சாயங்காலமானால் காய்ச்சல் அடித்தது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார். ஏழாவது மாதம் ஒரு நாள், லிஃப்ட் குழிக்குள் ஏணியில் ஏறும்போது பாதியில் மூச்சு முட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். கூட வேலை பார்ப்பவர்கள் இடுப்பில் கயிறு கட்டி மேலே தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ஸ்கேன் படத்தில் இரண்டு நுரையீரலின் அடியிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். நிமோனியா என்று மருந்து ஏற்றினார்கள். மூன்று நாளாகியும் ஒன்றும் கேட்கவில்லை. நான்காம் நாள் காலை டாக்டரம்மா அவர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புகைப்பழக்கம் உண்டா என்று கேட்டார்.

இவர் ஆக்சிஜன் மாஸ்க்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னார். “சிகரெட்டை விட்டு ஏழு மாசம் ஆச்சு டாக்டர். இப்போ இ-சிகரெட்தான். அதுவும் கடைச் சரக்கு இல்ல. என் சம்சாரம் தன் கையால கலந்து குடுக்கிறது.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “என்னென்ன போடுவீங்க?”

லேபிளில் இருப்பதை அப்படியே ஒப்பித்தேன்.

“எண்ணெய் ஏதாவது சேருமா? எண்ணெயில கரைச்ச எசென்ஸ், அந்த மாதிரி?”

அவர் ஏன் கேட்கிறார் என்று தெரியாது, ஆனால் எதைக் கேட்கிறார் என்று தெரிந்துவிட்டது. பக்கத்தில் நாத்தனார் நிற்கிறாள். கட்டிலில் இவர், என் கெட்டிக்காரி இப்போது பதில் சொல்வாள் பார் என்பது போல என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பார்வையை இழக்க எனக்கு மனம் வரவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை. பயம் என்று சொன்னால் அது எனக்கே நான் காட்டும் சலுகை.

“இல்லைங்க டாக்டர். எல்லாம் சாப்பிடற பொருள்தான்” என்றேன்.

“சரி. எதுவா இருந்தாலும் இனிமே அதைத் தொடக் கூடாது” என்று சொல்லிவிட்டு, காசநோய்க்கும் பூஞ்சைக்கும் பரிசோதனை எழுதிவிட்டுப் போனார்.

அடுத்த இரண்டு நாளும் இல்லாத நோய்களைத் தேடினார்கள். அவருக்கு வைக்கிற ஆக்சிஜனை நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போனார்கள். நான் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, உணவுத் தரம்தானே, உணவுத் தரம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆறாம் நாள் மத்தியானம் மருந்து வாங்கிக்கொண்டு வந்தால் கட்டில் காலியாக இருந்தது. ஆக்சிஜன் குழாய் கம்பியில் தொங்கி உஸ்ஸென்று காற்றை வீணடித்துக்கொண்டிருந்தது. பாத்ரூம் பக்கம் போனேன். ஃபினாயில் நெடிக்கு நடுவில் அந்த வாசனை வந்தது. வெண்ணெய் பிஸ்கட், சூடாக. வேறு யாராவது இருந்திருந்தால் கடந்துபோயிருப்பார்கள். கதவை இரண்டு கையாலும் தட்டினேன்.

தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றார். உதடு நீலம் பாரித்திருந்தது. கையில் அது.

“ரெண்டே இழுப்புதான். இல்லன்னா மனசு சிகரெட் கேக்குது.”

“டாக்டர் தொடாதீங்கன்னு சொன்னாங்களே, காதுல விழலையா உங்களுக்கு?”

“அவங்க ஒரு ஜாக்கிரதைக்குச் சொல்லுவாங்க.” ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். “நீதான் சொன்னியே, அதுல தப்பா ஒண்ணும் இல்லன்னு. நீ சொன்னா சரியாத்தானே இருக்கும்?”

“தினமுமா இழுத்தீங்க?”

“காலையில ரெண்டு... சாயங்காலம் ரெண்டு.”

அதைப் பிடுங்கிக்கொண்டு நர்ஸைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவரைக் கட்டிலில் சேர்த்ததும் டாக்டரின் அறைக்கு ஓடினேன். என்னவோ ஏதோ என்று நாத்தனாரும் பின்னாலேயே வந்தாள். அவள் இருக்கிறாளே என்று இந்தத் தடவை நான் பார்க்கவில்லை.

“எண்ணெய் இருக்கு டாக்டர். எண்ணெய் எசென்ஸ், அதோட லெசித்தினும் போட்டேன். அன்னிக்கு நான் சொன்னது பொய்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “எத்தனை மாசமா?”

“ஏழு மாசமா.”

“நீங்க எப்பவாவது இழுத்துப் பார்த்தீங்களா?”

“இல்ல. நாக்குல வச்சுப் பார்த்தேன்.”

“வயித்துக்குப் போனா எண்ணெய் செரிச்சுடும்மா. நுரையீரலுக்குச் செரிக்கத் தெரியாது. உள்ள போனது அங்கேயே தங்கி, புண்ணாக்கிடும்” என்றார். பிறகு ஃபோனை எடுத்துக்கொண்டே, “ரெண்டு நாள் முன்னாடி சொல்லியிருக்கலாமே” என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் குழாய் விட்டு நுரையீரலைக் கழுவினார்கள். கழுவி எடுத்த நீரை ஒரு பிளாஸ்டிக் குப்பியில் கொண்டுவந்து காட்டினார் டாக்டர். பால் வெள்ளையாக இருந்தது. மேலே மெல்லிசாக ஒரு ஏடு. அவர் விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நான் கலந்த வெள்ளை எனக்குத் தெரியாதா?

பத்தொன்பது நாள் தீவிர சிகிச்சை. பிழைத்துக்கொண்டார். ஆனால் நுரையீரலின் அடிப்பாகம் தழும்பேறி இறுகிவிட்டது, அது இனி விரியாது என்று சொல்லிவிட்டார்கள். சீக்கிரமே நிறுத்தியிருந்தால் இவ்வளவு போயிருக்காது என்றும் சொன்னார்கள். நாத்தனார் இப்போது என்னை அண்ணி என்று கூப்பிடுவதில்லை. எப்படியும் கூப்பிடுவதில்லை. வேலையை விடப் போனபோது, அந்தப் பச்சை வரியையாவது லேபிளிலிருந்து எடுங்கள் என்று முதலாளியிடம் கெஞ்சினேன். “எல்லாரும்தான் போடறாங்க. நீ எதையோ கலந்துட்டு என் லேபிளைக் குத்தம் சொல்றியா?” என்றார்.

இவரிடம் நானேதான் சொன்னேன். மாஸ்க்கைக் கழற்றி, குழாய் மட்டும் வைத்திருந்த நாள். ஒன்று விடாமல் சொன்னேன். எசென்ஸ், லெசித்தின், டாக்டர் கேட்டது, நான் மறைத்தது. கூரையைப் பார்த்தபடியே கேட்டு முடித்தார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த அன்று நான்கு லிஃப்ட் மெக்கானிக்குகள் அவரை நாற்காலியில் வைத்து மூன்று மாடி தூக்கி வந்தார்கள். அதற்குப் பிறகு அவர் கீழே இறங்கவில்லை. ஜன்னலோரம் கட்டில். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓயாமல் ஓடுகிறது. என்னைத் திட்டுவதில்லை. ஒரு கடுஞ்சொல் இல்லை. நான் எதைக் கையில் கொடுத்தாலும், சோறானாலும் மாத்திரையானாலும், ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்.

இன்று காலை தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன்.

“இதுல என்ன இருக்கு?”

“தண்ணிங்க.”

“தண்ணி மட்டும்தானே?”

“தண்ணி மட்டும்தாங்க.”

கை நீட்டவில்லை. நான் டம்ளரைத் திருப்பி, அவர் பார்க்க ஒரு வாய் குடித்து விழுங்கினேன். என் தொண்டை இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு வாங்கிக்கொண்டார்.