ஜெஸ்லினின் பேட்ஜ்

"காலை ஆட்ட விடாதீங்கக்கா, ஒரே நிமிஷம்" என்று தடுப்புச் சுவருக்குப் பின்னாலிருந்து ரெஜிஸ் கத்தினான். ஸ்ரீரங்கத்திலிருந்து கொண்டுவந்திருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை எக்ஸ்ரே மேசையில் துள்ளியது. லூர்துராணி அதன் தோளை ஒரு கையாலும் முழங்கால்களை மறு கையாலும் அழுத்திக்கொண்டு, தன் முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பினாள். மெஷின் 'டிக்'கென்றது.

தென்னூரில் இருந்த அந்த ஸ்கேன் சென்டரில் ஒன்பது வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. அடங்காத குழந்தைகளையும் நிற்க முடியாத கிழவர்களையும் பிடித்துக்கொள்ள வேண்டும். பெற்றவர்களை உள்ளே விடுவதில்லை. உடன் வருபவர்கள் உள்ளே வரக் கூடாது, கதிர்வீச்சு ஆபத்து என்று கதவில் போர்டே இருந்தது. கதிர்வீச்சைத் தடுக்கச் சென்டரில் இருந்த ஒரே ஈய ஏப்ரனை ரெஜிஸ் மாட்டியிருந்தான்.

வெளியே வந்தால் கவுண்ட்டரில் ஜெஸ்லின். ரெஜிஸைப் போல அவளும் டெக்னீஷியன்தான். முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த மறுநாளே டாக்டர் நவநீதன் அவளை ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார். அவளைப் பார்க்கும்போதெல்லாம் லூர்துராணிக்கு வயிறு எரிந்தது. ஜெஸ்லின் கெட்டவளும் இல்லை. டிபன் பாக்ஸைத் திறந்தால் பாதியை இவளுக்குத் தருகிறவள். அதனால் எரிச்சல் இன்னும் கூடியது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் லூர்துராணியும் முழுகாமல் இருந்தாள். அதே டாக்டரிடம்தான் சொன்னாள். "ஜாக்கிரதையா இரும்மா" என்றார். அன்றைக்கு மட்டும் பதினோரு பேரைப் பிடித்தாள். நாலாம் மாதம் கலைந்தது. எதனால் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு அவளுக்குத் தங்கவேயில்லை.

ரெஜிஸ் நிற்கும் தடுப்புக்குப் பின்னால் ஓர் ஆணியில் ஜெஸ்லினின் பேட்ஜ் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. எக்ஸ்ரே அறையில் டெக்னீஷியன்கள் நெஞ்சில் குத்திக்கொள்வது; தீப்பெட்டி அளவு, மேலே அவள் பெயர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லார் பேட்ஜும் லேபுக்குப் போய்வரும்.

"அதப் போட்டுக்கிட்டா ரேடியேஷன் மேல படாதா தம்பி?"

"அது தடுக்காதுக்கா. எவ்வளவு பட்டுச்சுன்னு காட்டும், அவ்வளவுதான்."

"எனக்கு எவ்வளவுன்னு பாக்க வேணாமா?"

ரெஜிஸ் சிரித்தான். "நீங்க ஹெல்ப்பர்க்கா. லிஸ்ட்லயே உங்க பேர் இல்லையே."

மறுநாள் காலை அவன் டீ குடிக்கப் போன நேரத்தில் அவள் பேட்ஜை எடுத்து ஜாக்கெட்டுக்குள் குத்திக்கொண்டாள். நாற்காலிதான் அவளுக்கு, இதாவது எனக்கு இருக்கட்டும் என்று நினைத்தாள். சாயங்காலம் திருவானைக்காவல் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது திரும்ப ஆணியில் மாட்டினாள். அந்த மூன்று மாதமும் ஒருநாள் தவறவில்லை. பகலில் ஆணி காலியாக இருந்ததை ரெஜிஸ் கவனிக்கவேயில்லை.

ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர் ஜெஸ்லினைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ரெஜிஸ் பேருக்கு நேரா ஒண்ணுமேயில்ல. உனக்கு எப்படிம்மா இவ்வளவு? கவுண்ட்டர்லதானே இருந்தே?"

ஜெஸ்லின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். டாக்டர் தனக்குத் தெரிந்த பெரிய டாக்டருக்குப் போன் போட்டார். உடனே கார் வரச் சொன்னார். ஒரு மாதம் சம்பளத்தோடு லீவு என்றார். துடைப்பமும் கையுமாக வாசலில் நின்ற லூர்துராணிக்கு முதலில் பொறாமைதான் பொங்கியது. எனக்காக ஒருத்தராவது இப்படிப் பதறினார்களா? ஆனால் ஜெஸ்லின் அழுத அழுகையை அதற்கு மேல் அவளால் பார்க்க முடியவில்லை.

"அழாதம்மா. உனக்கு ஒண்ணுமில்ல. அதப் போட்டிருந்தது நான்."

"நீயா?" என்றார் டாக்டர்.

"ஆமா சார். மூணு மாசமா. பிள்ளைங்கள பிடிக்கிறப்ப எல்லாம்."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். "அப்பாடா! உயிரே போயிருச்சு எனக்கு." ஜெஸ்லின் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "நல்லவேளை ராணிக்கா, நீங்கதானா!" என்று அழுதுகொண்டே சிரித்தாள். கார் வேண்டாம் என்று போன் போனது. எல்லாருக்கும் டீ வந்தது. லூர்துராணிக்கும் ஒன்று.

அவள் டம்ளரைப் பிடித்தபடி நின்றாள். "சார், அப்ப அந்த நம்பரு... அது ரொம்ப ஜாஸ்திங்களா?"

ஜெஸ்லின் கணக்கிலிருந்து அதை நீக்கச் சொல்லி அவர் லேபுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். "அது செல்லாதும்மா. பேட்ஜ் உன் பேர்ல இல்லையே." சென்டரின் பிரதியில் அந்த எண்ணைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் சைபர் போட்டார். பேட்ஜைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். "இனிமே இந்த மாதிரி விளையாட்டெல்லாம் வேணாம், என்ன?"

"அக்கா, குழந்தை வந்திருக்கு!" என்று ரெஜிஸ் குரல் கொடுத்தான்.

லூர்துராணி டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனாள். எக்ஸ்ரே அறை வாசலில் ஓர் அம்மா, வீறிட்டு அழும் குழந்தையை விட மனமில்லாமல் உள்ளே காலெடுத்து வைத்தாள். லூர்துராணி குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க வெளியவே நில்லுங்கம்மா. உள்ள வந்தா உடம்புக்கு ஆகாது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.