இவருக்கு மிஞ்சிய மொழி

இடது பக்க உதடுதான் முதலில் அசைகிறது, வலது பக்கம் சற்றுப் பிந்தி மனமில்லாமல் பின்னால் வருகிறது, பின்னேர வெயில் இவருடைய முகத்தில் பாதியை மட்டும் பிடித்து வைத்திருக்க, நான் கதிரையை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிக்கொள்கிறேன், அந்த வசனம் இப்போது வரப்போகிறது, எனக்குத் தெரியும், இரண்டு மணிக்குப் பார்வையாளரை உள்ளே விட்டால் இரண்டரைக்குள் ஒருதரமாவது வந்துவிடும், பார்தோன், சே மா ஃபோத், ஜெ ரெகொமான்ஸ், வந்துவிட்டது, எவ்வளவு மெதுவாக, எவ்வளவு பணிவாக, கண் இரண்டும் கலங்கி, முப்பத்தொரு வருடம் என்னோடு ஒரே வீட்டில் சோறு தின்ற மனுசன் என்னிடம் ஒருநாளும் பேசாத குரலில், பிரெஞ்சில், யாரிடமோ. நான் இஞ்சாருங்கோ என்கிறேன், அவர் திரும்பி என்னைப் பார்க்கிறார், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரியைப் பார்க்கிற பார்வை, மதாம் என்கிறார், அவ்வளவுதான்.

இவர் விழுந்த செய்தியே எனக்குப் பிரெஞ்சில்தான் வந்தது, நான் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நின்றேன், தொலைபேசியில் ஒரு பெண் வேகவேகமாக ஏதோ சொன்னாள், பாரிசில் இத்தனை வருடமாக நான் சேர்த்து வைத்திருந்த பிரெஞ்சு மூன்றே சொல், வுய் என்றால் ஆம், பார்தோன் என்றால் மன்னியுங்கள், பிறகு நன்றி, அவள் மூச்சுவிட நிறுத்திய இடமெல்லாம் ஆம், ஆம் என்றேன், கடைசியில் நன்றி சொல்லி வைத்துவிட்டு மிச்சக் கத்தரிக்காயைப் பொரித்தேன், உங்கள் கணவர் வேலை செய்கிற இடத்தில் மயங்கி விழுந்துவிட்டார் என்று அவள் சொல்ல நான் நன்றி சொல்லியிருக்கிறேன், இதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி மணியடித்தபோது, கறிவேப்பிலை கேட்டு வந்து நின்ற மேல்மாடி பத்மாசனி அக்காதான் எடுத்தார், கேட்கக் கேட்க அவருடைய முகம் மாறியது, பிள்ளை, முதல்ல அடுப்பை நிப்பாட்டும் என்றார்.

மருத்துவமனையில் டொக்டர் மேசை மேல் ஒரு தொலைபேசியை வைத்து யாரையோ அழைத்தார், அதற்குள்ளிருந்து ஒரு தமிழ்க் குரல் வந்தது, வணக்கம் அம்மா, நான் மொழிபெயர்ப்பாளர், டொக்டர் சொல்லுறார், மூளையில இடப்பக்கம் ரத்தம் அடைச்சுப்போச்சாம், வலக்கை வலக்கால் இனிக் கஷ்டமாம், கதை பேச்சும் பாதிச்சிருக்காம், ஆனா பிரெஞ்சு கொஞ்சம் மிஞ்சியிருக்காம், தமிழ் விளங்குற மாதிரித் தெரியேல்லையாம், சிலபேருக்குத் திரும்பி வருமாம், சிலபேருக்கு வராதாம். அதெப்படித் தம்பி என்றேன், அவர் பிறந்து வளந்தது சாவகச்சேரி, தாய்ப்பாலோட வந்த பாஷை போய், இஞ்ச வந்து கோப்பை கழுவிப் படிச்ச பாஷை நிக்குமே. குரல் அதைப் பிரெஞ்சில் கேட்டது, டொக்டர் கையை விரித்தார், அதை யாரும் எனக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து இவர் அந்த வசனத்தைச் சொன்னார், முதன்முதலாக, தொலைபேசிக்கும் கேட்டிருக்கும், தம்பி, இவர் என்ன சொல்லுறார் என்று கேட்க நான் வாயெடுத்தேன், அதற்குள் குரல் முந்திக்கொண்டது, அம்மா நீங்கள் சாவகச்சேரியில எந்தப் பக்கம். எங்கள் ஆட்கள் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள், ஊருக்குப் பிறகு ஒழுங்கை, ஒழுங்கைக்குப் பிறகு இன்னாருக்கு நீங்கள் என்ன முறை, அது தெரிந்துவிட்டால் என் மனுசன் அழுதழுது யாரிடம் என்ன கேட்டார் என்பது பொழுது சாய்வதற்குள் லாச்சப்பல் தமிழ்க் கடைகளில் புளியும் கருவாடும் வாங்குகிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். அவர்தான் சாவகச்சேரி, நான் கொழும்பு என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன், அன்று அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் எட்டு மாதம் நான் தெருத்தெருவாக அலைந்திருக்க வேண்டியதில்லை.

பார்தோன் எனக்கு விளங்கியிருந்தது, அதுதான் வினை, மன்னிப்புக் கேட்கிறார், யாரிடம், பதினைந்து வருடத்துக்கு முன் இதே பத்மாசனி அக்கா படியில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னது அப்படியே மேலெழும்பி வந்தது, உம்மட மனுசனை ஒரு போத்துக்கீசக்காரியோட கோப்பிக் கடையில கண்டனாங்கள் பிள்ளை, நான் ஒண்டும் சொல்லேல்ல, கண்டதைச் சொல்லுறன். அன்று பின்னேரமே இவரைக் கேட்டேன், சிரித்தார், அவள் எங்கட குசினியில மரக்கறி வெட்டுறவள், புருசன் செத்துப்போனான், அழுதாள், ஒரு கோப்பி வாங்கிக் குடுத்தனான், உதுக்கும் வழக்கோ. நான் நம்பினேன், இல்லை, நம்பியவள் மாதிரிச் சமைத்தேன், தோய்த்தேன், பதினைந்து வருடம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது, எனக்கு வெளியுலகம் என்பதே இவர் வந்து சொல்வதுதான், வந்த புதிதில் இலவச மொழி வகுப்புக்கு ஒரு துண்டுக் கடதாசி வந்தது, நீர் ஏன் உதுக்கு மினக்கெடுறீர், நான் இருக்கிறன்தானே, எதெண்டாலும் எனக்குச் சொல்லும், நான் அவங்களுக்குச் சொல்லுறன் என்றார், சொன்னபடி செய்தார், வரி, வாடகை, விசாக் காட் எல்லாம் அவர்தான், பிள்ளையில்லை என்று நாங்கள் வைத்தியம் பார்த்துத் திரிந்த காலத்தில் டொக்டர் என் வயிற்றைப் பற்றிச் சொன்னதைக்கூட அவர்தான் கேட்டு எனக்குச் சொன்னார், எவ்வளவு சொன்னார், எவ்வளவு விட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, சோஸ் என்கிற அவர்களுடைய குழம்பைக் கிண்டுகிற இடத்துக்கு வந்த பிறகு இவருக்கு ஒரு மிதப்பும் வந்தது, எங்கட ஷெஃப் என்னைக் கேளாமல் உப்புப் போடமாட்டார் என்பார், நான் இன்னொரு கரண்டி சோறு வைப்பேன்.

ஆகவே அந்த வசனத்தை நானே பிடிக்கிறேன் என்று கிளம்பினேன், ஐம்பத்தெட்டு வயதில், வகுப்புக்குப் போகவில்லை, வகுப்பில் உன் பெயர் என்ன, உன் நாடு எது என்று தொடங்குவார்கள், அதற்கெல்லாம் எனக்குப் பொறுமையில்லை, எனக்கு வேண்டியது ஒரே ஒரு வசனம். அதை வாய்க்குள் அதக்கிக்கொண்டு பாரிசைச் சுற்றுகிறேன், மற்றவர்கள் வாயிலிருந்து அதில் ஒரு துண்டாவது விழுமா என்று, உடுப்புத் தோய்க்கும் கடையில் அழுக்கே இல்லாத துணியைச் சுழலவிட்டு மணிக்கணக்கில் குந்தியிருக்கிறேன், முதல் மாதம் அது பேச்சாகவே இல்லை, சோறு கொதிக்கிற சத்தம், ஒரு சொல் எங்கே முடிகிறது என்பதுகூடத் தெரியாது, இரண்டாம் மாதம் மூச்சு வாங்கும் இடம் தெரிந்தது, பிறகு கோபம் தெரிந்தது, பகிடி தெரிந்தது, சொல் தெரியாமலே பகிடி தெரிந்துவிடும், நானும் சேர்ந்து சிரித்தேன், யாரும் என்னைக் கேட்கவில்லை. காலையில் வானொலியைப் போட்டால் யாரோ கோபப்படாமல் சண்டை பிடிக்கிறார்கள், இடைக்கிடை மழை என்ற சொல் வரும், குடையை எடுத்துக்கொண்டு போவேன், மழை பெய்யும், அன்று முழுக்க எனக்குப் பெருமை. மீன் கடையில் மீனையும் எண்களையும் பிடித்தேன், கடைக்காரன் விரலைக் காட்டி ஒவ்வொரு எண்ணாக என் வாயில் வரவைத்தான், பன்னிரண்டு வரை வந்தது. கேட்டதையெல்லாம் பின்னேரம் இவருக்கு ஒப்புவிப்பேன், இவர் மதாம் என்பார், ஒருநாள் நான் தமிழில் குசினிக் குழாய் ஒழுகுது என்று புலம்பியபோது சட்டென்று என் பக்கம் திரும்பினார், திரும்பி வந்துவிட்டது என்று ஓடிப்போய்த் தாதியை இழுத்துவந்தேன், அவள் பிரெஞ்சில் சமையலறைக்குச் சொல்கிற சொல்லும் ஏறக்குறைய குசினி மாதிரியே இருந்தது, அந்த ஒரு சொல்லுக்குத்தான் திரும்பியிருக்கிறார்.

தோய்க்கும் கடையில் ஒருத்தி மற்றவளுடைய வெள்ளைத் துணிக்குள் தன் சிவப்புச் சட்டையைப் போட்டுவிட்டாள், எல்லாம் வெற்றிலை போட்ட நாக்கு நிறத்தில் வெளியே வந்தது, நெஞ்சில் கைவைத்து அவள் சே மா ஃபோத் என்றாள், என் பிழை, அதுதான், என் பிழை, நான் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், பாவம், பயந்துபோனாள். மிச்சத் துண்டு பள்ளிக்கூட மதிலுக்குப் பின்னால் இருந்தது, பிள்ளைகள் பாடினார்கள், பாட்டுப் பிசகியது, ஆசிரியை கைதட்டி ரெகொமான்ஸ் என்று நீட்டினாள், முதலிலிருந்து தொடங்கினார்கள், மறுபடி பிசகியது, மறுபடி அதே சொல், மறுபடி முதலிலிருந்து. மதிலோரம் நின்று கோத்துப் பார்த்தேன், மன்னியுங்கள், என் பிழை, திரும்பத் தொடங்குகிறேன். மெத்ரோவில் வரும்போது கண்ணயர்ந்தேன், அது கொடிகாமத்துப் பஸ், நடத்துநர் பிரெஞ்சில் காசு கேட்கிறார், எல்லோரும் பிரெஞ்சில் பதில் சொல்கிறார்கள், அம்மாகூட, எனக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை, முன் இருக்கையிலிருந்து இவர் திரும்பி, நான் இருக்கிறன்தானே என்கிறார், தமிழில், விழித்தபோது இரண்டு நிறுத்தம் தாண்டியிருந்தது.

திரும்பத் தொடங்குகிறேன் என்று போத்துக்கீசக்காரியிடம் ஏன் சொல்ல வேண்டும், அன்று தேத்தண்ணி போடும்போது அந்த நினைப்பு வந்தது, வந்தது வந்ததுதான், எனக்காக ஏன் இருக்கக்கூடாது, மொழிதானே மாறிப்போனது, ஆள் அவர்தானே, பக்கத்தில் இருக்கிறவளும் நான்தானே. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நாலு நாள் நான் சந்தோசமாக இருந்தேன், தலைக்கு மை பூசினேன், கத்தரிப்பூச் சேலை கட்டிக்கொண்டு போனேன், இவர் அந்த வசனத்தைச் சொல்லச் சொல்லக் கையைத் தடவி, அதுக்கென்ன, விடுங்கோ, நான் எப்பவோ மறந்திட்டன் என்றேன், வகுப்புக்கு விடாததை மன்னித்தேன், வயிற்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டது ஏதாவது இருந்தால் அதையும் மன்னித்தேன், போத்துக்கீசக்காரியையும் சேர்த்து மன்னித்தேன், இவர்தான் அடங்கவில்லை, திரும்பத் திரும்ப அதே வசனம், அதே கலங்கின கண்.

ஐந்தாம் நாள் ஃபத்து இவருக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தாள், தாதிக்கு உதவியாக வேலை செய்கிறவள், மாலி நாட்டுக்காரி, அவளும் இந்த மொழியை என்னைப் போலக் காதால் பொறுக்கியவள், அதனாலோ என்னவோ அவள் பேசினால் எனக்கு அரைவாசிக்கு மேல் விளங்கும். இவர் வசனத்தைச் சொன்னார், அவள் துடைத்தபடியே கேட்டாள், எதைத் திரும்பத் தொடங்கப்போகிறீர்கள் முசியே. எட்டு மாதத்தில் அதை அவரிடமே கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் உடனே பதில் சொன்னார், நிமிர்ந்து, பாடம் ஒப்புவிக்கிற மாதிரி, சோஸ், ஷெஃப், சோஸ் கருகிவிட்டது ஷெஃப். ஃபத்து சிரித்தாள், என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள், வந்த புதிதில் நானும் அப்படி ஒரு இடத்தில் கோப்பை கழுவினேன் மதாம், அங்கே எந்த மேசைக்கு என்ன வேண்டும் என்று ஷெஃப் கத்துவார், உள்ளே நிற்கிற எல்லோரும் வுய் ஷெஃப் என்று திருப்பிக் கத்த வேண்டும், கத்தாதவன் நாளைக்கு வரத் தேவையில்லை, பிழைவிட்டால் இவர் சொல்வதைத்தான் சொல்வோம், ஒரு நாளைக்கு நூறுதரம், வீட்டில் போய் அதைச் சொல்வதில்லை. என் தோளைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அந்தப் போத்துக்கீசக்காரியோடு இவருக்கு உண்மையிலேயே ஏதும் இருந்திருக்கக்கூடாதா என்று நான் ஆசைப்பட்டேன், கடவுளறிய ஆசைப்பட்டேன், இந்த மொழியில் இவர் யாரோ ஒருத்தியிடமாவது ஒரு நல்ல சொல் பேசியிருப்பார்.

இவர் மறுபடி தொடங்கிவிட்டார், பார்தோன் என்கிறார், எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்து நின்றேன், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஷெஃப் மாதிரிக் குரலைத் தடிப்பாக்கி, பொறுக்கி வைத்திருந்த சொற்களில் தேடி எடுத்துச் சொன்னேன், பரவாயில்லை, வேலை முடிந்தது, நீங்கள் வீட்டுக்குப் போகலாம், பிரெஞ்சில், வாழ்க்கையில் நான் சொன்ன முதல் முழு வசனம், ஒரு பிசகில்லாமல் வந்தது. இவருடைய முகம் வெளுத்துப்போனது, இல்லை ஷெஃப், வீடு வேண்டாம் ஷெஃப், தயவுசெய்து ஷெஃப், நாளைக்கு வருவேன் ஷெஃப், இடக்கையால் என் சேலையைப் பிடித்து இழுத்து எழும்பப் பார்க்கிறார், கட்டில் முழுக்க நடுங்குகிறது, காலையில் உடுப்போடு இந்தப் பயத்தையும் மாட்டிக்கொண்டு போயிருக்கிறார், ஒவ்வொரு நாளும், பின்னேரம் அதைக் கதவுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து என்னிடம் உப்பைப் பற்றிப் பெருமை பேசியிருக்கிறார், எனக்கு ஒன்றும் தெரியாது, எனக்கு இவரைத் தெரியாது. அழக்கூட நேரமில்லை, இவரை அமர்த்த வேண்டும், இவருக்கு வேலை கொடுக்க வேண்டும், என்னிடம் மிச்சம் இருப்பது மீனும் பன்னிரண்டு எண்களும், ஆறாம் மேசை, இரண்டு மீன் என்றேன். நடுக்கம் நின்றது. வுய் ஷெஃப் என்றார், சேலையை விட்ட கை போர்வை மேல் எதையோ எடுத்து வைத்தது, சட்டியில் மீனைத் திருப்புவது போலத் திருப்பிப் போட்டது, முகம் அப்படி ஒரு அமைதிக்கு வந்தது, என் பக்கத்தில் அந்த முகத்தோடு அவர் ஒருநாளும் இருந்ததில்லை. மூன்றாம் மேசை, ஒரு மீன், வுய் ஷெஃப், ஒன்பதாம் மேசை, நாலு மீன், வுய் ஷெஃப், பார்வையாளர் நேரம் முடிகிறது, ஃபத்து கதவடியில் வந்து நிற்கிறாள், வெயில் முகத்தை விட்டுத் தலையணைக்கு நகர்ந்துவிட்டது, நான் இன்னும் உட்காரவில்லை, நின்றபடியே ஏழாம் மேசை என்கிறேன், ஒரு மீன் என்கிறேன், இடது பக்க உதடு அசைகிறது, வலது பக்கம் பின்னால் வருகிறது, வுய் ஷெஃப்.