பவியா நகரத்துத் தாய்

சிட்னிப் புறநகர் கிரவீனில் யோகாவின் வீட்டு மணியை அழுத்தியபோது, சிவபாலனின் கையில் வக்கீல் எழுதித் தந்த ஒற்றைப் பக்கக் கடிதம் இருந்தது. அதில் இரண்டே வரிகள். சிவபாலன் பாடத்திட்டத்தில் இருந்ததை மட்டுமே கற்பித்தார். எந்த மாணவனையும் இயக்கத்துக்குப் போகச் சொல்லவில்லை. கீழே ஒரு கையெழுத்து வேண்டும். அவருடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்தவர்கள் மாணவர்களை அவர் இயக்கத்தில் சேர்ந்து போராட அனுப்பினார் என்ற சந்தேகத்தைத்தான் காரணமாக எழுதியிருந்தார்கள். மேன்முறையீட்டு விசாரணை நாளை மறுநாள். கிளிநொச்சியில் அவரிடம் வரலாறு படித்த பிள்ளைகளின் பெற்றோரில், சிட்னியில் அவர் அறிய இருப்பது யோகா ஒருத்திதான். அவளுடைய மூத்த மகன் செந்தூரன் பதினேழு வயதில், அவருடைய வகுப்பு முடிந்த அன்று பின்னேரமே இயக்கத்துக்குப் போனவன். திரும்பி வரவில்லை.

குசினி மேசையில் வைத்து யோகா அதை இரண்டு தரம் வாசித்தாள்.

“அண்டைக்கு என்ன படிப்பிச்சனீங்கள், மாஸ்ரர்?”

“இத்தாலி. துண்டு துண்டாக் கிடந்த நாடு எப்பிடி ஒண்டாச்சு எண்டு. மசினி, கரிபால்டி. எல்லாம் சிலபஸில இருந்தது.”

“அவ்வளவும்தானோ?”

வக்கீலிடம் ஓம் என்று சொல்லியிருந்தார். அதிகாரிகளிடமும் சொல்லியிருந்தார். இங்கே வாய் வரவில்லை. அன்றைக்கு அவர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பவியா என்ற ஊரில் இருந்த ஒரு தாயைப் பற்றிச் சொன்னார். ஐந்து ஆண்பிள்ளைகள். நாட்டுக்காக நான்கு பேர் செத்தார்கள். வகுப்பில் ஒருவரும் அசையவில்லை. முப்பது வருடப் படிப்பித்தலில் அந்த மௌனத்தைப் போல வேறெதிலும் அவர் பெருமைப்பட்டதில்லை. அந்தத் தாயின் கதையை யோகாவிடம் சொன்னார்.

“நாலு பிள்ளையளைக் குடுத்தவ எண்டு சொன்னனான். அது புத்தகத்தில இல்லை.”

“மிச்சப் பிள்ளை?”

“பிறகு பிரதமரா வந்தவர்.”

யோகா கடிதத்தைக் கையில் எடுத்தாள். “எனக்கும் ஒண்டு மிச்சம். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில நர்ஸ். தமையன்ரை பேரை வீட்டில எடுக்க விடான்.” கடிதத்தை மேசையில் வைத்தாள். “ஆனா நான் குடுக்கேல்லை, மாஸ்ரர். அண்டைக்குப் புட்டு அவிச்சு வைச்சுக்கொண்டு அவனைப் பாத்துக்கொண்டிருந்தனான்.”

“திருப்பி அனுப்பினால் அங்க என்னை உயிரோட விடமாட்டினம், அக்கா.”

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே கூச்சமாக இருந்தது. அவளுடைய மகனின் சாவுவீட்டுக்கு வந்து தன் உயிரைக் கேட்பதுபோல இருந்தது. ஆனாலும் எழுந்து போக அவரால் முடியவில்லை.

யோகா பேனாவை எடுத்தாள். முதல் வரியை அழுத்திக் கோடிட்டு அடித்தாள். இரண்டாவது வரியை அப்படியே விட்டுவிட்டு, அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.

“இது செல்லுமோ தெரியாது. அடிச்ச வரி பொய்.”

வெளியே வந்தபோது ஒரு கார் வாசலில் நின்றது. ஆஸ்பத்திரிச் சீருடையில் யோகாவின் இளைய மகன் அனுஷன். தமையனின் அதே நெற்றி. அவர் யாரென்று அவனுக்குத் தெரியாது.

“ஆர் யூ ஓகே, அங்கிள்? ஸ்டேஷனுக்கோ? நான் ட்ரொப் பண்ணுறன்.”

பக்கத்து இருக்கையில் கிடந்த சாப்பாட்டுப் பையை எடுத்துப் பின்னால் போட்டுவிட்டு, எட்டிக் கதவைத் திறந்துவிட்டான். சிவபாலன் திறந்த கதவைப் பார்த்தபடி வீதியில் நின்றார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.