வெள்ளைக் குழிகள்

மேல் வரிசைக் குழிகளில் மிளகைக் கொட்டியதுபோல் கரும்புள்ளிகள் அப்பிக் கிடந்தன. கீழ் வரிசை சுத்தமான வெள்ளை. ரோபினா நன்சிகோம்பி அந்த பிளாஸ்டிக் தட்டை டாக்டர் லுபோவாவின் மேசைமேல் வைத்தாள், அவருடைய தேநீர்க் கோப்பையை ஓரமாகத் தள்ளிவிட்டு. லுபோவா தட்டைப் பார்க்கவில்லை. அவள் மூக்கையும் வாயையும் மூடியிருந்த முகக்கவசத்தைப் பார்த்தார்.

"இன்னும் கழட்டலியா அதை? நம்ம ஊசியப் போட்டுக்கிட்டவ நீ. ஊசியப் பத்திக் கேக்க நாளைக்கு வர்ற விருந்தாளிங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"ஊசி போட்டும் காய்ச்சல்ல விழுந்தவன்னு நினைப்பாங்க, ஸ்ஸெபோ."

ஏரிக்கரை ஊரான என்டெபேயில் காய்கறிக்காரி முதல் மந்திரி வரை எல்லோரும் மரியாதைக்குச் சொல்கிற வார்த்தைதான் ஸ்ஸெபோ. ரோபினாவின் வாயில் அது மென்று துப்பிய சக்கைபோல் வந்து விழுந்தது. இருவரும் சேர்ந்து கட்டிய ஆய்வகம் இது. தலைமை நாற்காலி லுபோவாவுக்குப் போன பிறகு பேச்சே கூலிக்கு ஆள் வைத்துப் பேசுவதுபோல் ஆகிவிட்டது.

ஃப்ளூ வைரஸ் வெளிச்சட்டையை அடிக்கடி மாற்றும். லுபோவாவின் புதிய தடுப்பூசி சட்டையை நம்பவில்லை. வைரஸுக்குள்ளே இருக்கும், லேசில் மாறாத ஒரு புரதத்தின் துண்டை நம்பியது. வைரஸ் புகுந்த செல், தனக்குள் இருப்பதைத் துண்டு துண்டாக்கி வாசல் கொக்கியில் தொங்கவிடும். ரோந்து வருகிற டி செல் அந்தத் துண்டை அடையாளம் கண்டால் செல்லையே தீர்த்துக்கட்டிவிடும். உள்ளே இருக்கும் வைரஸும் அதோடு காலி. தடுப்பூசியின் வேலை, அந்த ரோந்துக்காரனுக்குத் துண்டை முன்கூட்டியே காட்டிப் பழக்குவது.

பழகியும் இருந்தது. ஆய்வகத்தில் எத்தனை முறை சோதித்தாலும் குழிகளில் புள்ளி கொட்டியது. ஒவ்வொரு புள்ளியும் விழித்துக்கொண்ட ஒரு டி செல். சோதனைக்கு ரத்தம் வேண்டுமென்றால் இங்கே வெளியே தேடுவதில்லை. பக்கத்து மேசைக்காரர் கையை நீட்டுவார். லுபோவா ஊர் ஊராகக் காட்டிய படங்களில் பாதிக்குமேல் ரோபினாவின் ரத்தம்தான்.

அவளே காய்ச்சலில் படுத்தபோதுதான் சந்தேகம் வந்தது. தன் மூக்கிலிருந்து எடுத்த வைரஸின் மரபு எழுத்துகளைப் படித்தாள். அந்தத் துண்டில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. கொக்கியில் மாட்டுகிற காதே அந்த எழுத்துதான். காது அறுந்த துண்டு வாசலில் தொங்காது. ரோந்துக்காரன் வெறும் வாசலைப் பார்த்துவிட்டுத் தன்பாட்டுக்குப் போய்விடுவான். சோதனைகளில் செல்களுக்கு ஊட்டியதோ, முதல் வருடம் பழைய வைரஸைப் பார்த்துச் செய்து வாங்கி உறைபெட்டியில் போட்ட துண்டு. முடிவுகளை ஒப்பிட வேண்டும் என்பதற்காக யாரும் அதை மாற்றவே இல்லை. இப்போது மேசைமேல் இருந்த தட்டில் அவளுடைய செல்கள்; மேல் வரிசைக்குப் பழைய துண்டு, கீழ் வரிசைக்கு எழுத்து மாறிய புதிய துண்டு.

"ஆளப் பார்த்த உடனே எந்தக் குலம்னு கேக்கற ஊரு இது," என்றாள். "அவன் குலத்தையே மாத்திக்கிட்டு வந்து நிக்கிறான். நீங்க பழைய பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டு, நல்லா திரும்பிப் பாக்குறான்னு கைதட்டிக்கிறீங்க."

லுபோவா சிரித்தார். காய்ச்சலில் கிடந்தவளின் செல்கள் களைத்துப் போயிருக்கும் என்றார். விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவள் கண் எப்போதும் இந்த நாற்காலிமேல்தான் என்பதையும் சொல்லாமல் விடவில்லை.

திங்கட்கிழமை மார்புநோய் வார்டின் தாதியர் எல்லோருக்கும் இந்த ஊசி. போட்டபின் முகக்கவசம் தேவையில்லை என்று சுற்றறிக்கையே தயார். இருமிக்கொண்டு, பாதி நுரையீரலோடு கிடப்பவர்களின் படுக்கைகளுக்கு நடுவே அவர்கள் வெறும் முகத்தோடு நடப்பார்கள். ஊசி யாரையும் கொல்லாது. பயமில்லை என்ற சொல் கொல்லும்.

"என் செல் களைச்சிருக்கு. சரி. உங்களுது?" ரோபினா ரப்பர் பட்டையை எடுத்தாள். "முதல் ஊசி போட்டுக்கிட்டு பேப்பர்ல சிரிச்சது நீங்கதானே. உங்களுக்கும் எனக்கும் ஒரே வகைக் கொக்கி. கைய நீட்டுங்க."

மறுக்க முடியாது. மறுத்தால் அதுவே பதில். லுபோவா சட்டைக் கையை மடித்துவிட்டார். பட்டை தேவைக்குமேல் இறுகியது.

"பழி தீர்க்கறியா?"

"நரம்பு தேடுறேன். தோல் தடிப்பா இருக்கு."

இரண்டு துண்டின் குப்பிகளையும் லுபோவா தன் பெட்டியில் வைத்துப் பூட்டினார், அன்று மாலை புதுத் தட்டில் தன் செல்களின்மேல் தானே ஊற்றினார். மறுநாள் பகலில், புள்ளிகள் தெரிவதற்காக, இருவரும் தோளோடு தோள் நின்று தட்டைக் கழுவினார்கள். ஒருவரை ஒருவர் நம்பவில்லை. அதனால் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டே கழுவினார்கள். எல்லா டி செல்லையும் எழுப்பிவிடும் மருந்திட்ட குழிகள் முழுக்கக் கறுத்தன. லுபோவாவின் செல்கள் களைக்கவில்லை. பழைய துண்டிட்ட குழிகளில் புள்ளிகள் கொட்டின. புதிய துண்டிட்ட குழிகள் வெளுத்தே நின்றன. லுபோவா தட்டைச் சாய்த்துப் பார்த்தார், வெளிச்சத்துக்குக் காட்டினார், நகத்தால் சுண்டினார். ஒன்றும் வரவில்லை.

"துண்ட நீயே மாத்தி வச்சிருக்கலாம்," என்றார். குரலில் சுரத்தில்லை.

"குப்பி உங்க பெட்டியில, உங்க பூட்டுல இருந்துச்சு. ஊத்துனது உங்க கை."

வெளியே விருந்தாளிகளின் வண்டிக் கதவுகள் சாத்தும் ஓசை. ஏரியிலிருந்து பூச்சிக் கூட்டம் கிளம்பி வந்து சன்னல் கண்ணாடி முழுக்கப் புள்ளி புள்ளியாக அப்பியிருந்தது. லுபோவா தட்டை அங்கிப் பைக்குள் திணித்தார். கதவுவரை போனவருக்கு இருமல் வந்தது. அடக்கினார். மறுபடி வந்தது, இந்த முறை சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ரோபினா ஓரடி பின்வாங்கினாள்.

அவர் அவளைப் பார்க்காமலே மேசைக்குத் திரும்பினார். அவளுடைய பெட்டியிலிருந்து ஒரு முகக்கவசத்தை உருவி, காதுகளில் மாட்டிக்கொண்டு போனார்.

கூட்ட அறைக்குக் கண்ணாடிச் சுவர். ரோபினா தாழ்வாரத்தில் நின்று பார்த்தாள். திரையில் கொட்டிய புள்ளிகளின் படம் பெரிதாக ஒளிர்ந்தது. லுபோவா அதன் முன்னால் பேசிக்கொண்டிருந்தார். கை, தட்டைத் திணித்த பைக்குள்ளேயே இருந்தது. என்ன சொல்கிறார் என்று உதட்டைப் படிக்க முடியவில்லை. முகக்கவசத்தின் நீலத் துணி மட்டும் உள்வாங்கிப் புடைத்தது. முன்வரிசையில் ஒரு பெண்மணி படத்தைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், பிறகு தன் நாற்காலியை மெல்லப் பின்னுக்கு நகர்த்தினாள்.